சிற்றாற்றில் விட்ட கிரேக்கம்

சாமி கும்பிடுகிறவன் செய்கிற தப்புக்கும் கும்பிடாதவன் செய்கிற தப்புக்கும் ஒரு வித்தியாசம் உண்டு. கும்பிடாதவன் அரைகுறையாகச் செய்வான். எங்கேயாவது ஒரு மூலையில் மிச்சம் கிடக்கும், எடுத்துச் சரிசெய்துகொள்ளலாம். கும்பிடுகிறவனோ குளித்து, திருநீறு பூசி, நல்ல நேரம் பார்த்து, முழுசாகச் செய்துவிடுவான். மிச்சமே இருக்காது. நான் இரண்டாவது வகை.

ஆயிரத்துத் தொள்ளாயிரத்து ஐம்பதுகள் முடிகிற சமயம். தென்காசியில் ரத வீதியை ஒட்டி எனக்கு ஒரு பைண்டிங் கடை இருந்தது. படிப்பு எட்டாம் வகுப்போடு சரி. (எட்டு பாஸா என்று கேட்கக் கூடாது. சரி என்றால் சரி.) பள்ளிக்கூடப் புத்தகங்களும் பலசரக்குக் கடைகளின் கணக்குப் புத்தகங்களும்தான் வேலை. புதுக் கணக்குப் புத்தகம் என்றால் நாலு மூலையிலும் மஞ்சள் தடவி, முதல் தாளில் பிள்ளையார் சுழி போட்டுத்தான் கையில் கொடுப்பேன். அந்த வருஷம் சிவகாசியிலிருந்து ஒரு பழைய கட்டிங் மிஷின் வாங்கி வந்திருந்தேன். சக்கரத்தைச் சுற்றினால் கத்தி இறங்கும். ஒரு கட்டுத் தாளை வாழைத்தண்டு மாதிரி வெட்டும். வெட்டின ஓரத்தைத் தடவினால் கண்ணாடியாக வழுக்கும். நான் தடவிப் பார்த்ததோடு நிற்கவில்லை. கடைக்கு வந்தவர்களையெல்லாம் தடவிப் பார்க்கச் சொன்னேன். தபால்காரர் ஒருநாள், "நேத்தே தடவிட்டேன் அண்ணாச்சி" என்று சொல்லிவிட்டு, மறுநாளிலிருந்து தெருவின் எதிர்ப்பக்கமாகப் போக ஆரம்பித்தார்.

இந்தப் பெருமை உச்சத்தில் இருந்தபோதுதான் ஞானாபரணம் ஐயா கடைக்கு வந்தார்.

ஐயா கல்லூரியில் சரித்திரம் சொல்லிக்கொடுத்து ஓய்வு பெற்றவர். மனைவி காலமாகிவிட்டார். பிள்ளைகள் கிடையாது. குற்றாலத்தில் ஐந்தருவிக்குப் போகிற பாதையில் ஒரு ஓட்டு வீட்டில், புத்தகங்களோடு குடியிருந்தார். சாரல் தொடங்குவதற்கு முன்னால் புத்தகங்களைக் கெட்டியாக பைண்ட் செய்துவிட வேண்டும் என்றார். அவர் புத்தகங்கள் எல்லாம் ஜெர்மனி, பிரான்ஸ், ஏதென்ஸ் என்று எங்கெங்கோ அச்சடித்தவை. அந்த ஊர்களில் வெறும் காகித அட்டையோடுதான் விற்பார்களாம், வாங்குகிறவன் தன் வசதிக்கு பைண்ட் செய்துகொள்ள வேண்டியதாம். குற்றாலத்து ஈரத்தில் அந்தக் காகித அட்டைகள் நனைந்த அப்பளம் மாதிரி தொங்கிக்கொண்டிருந்தன.

புத்தகங்களை எடுக்க நான் அவர் வீட்டுக்குப் போனபோது, இதெல்லாம் என்ன புத்தகம் என்று வாய் சும்மா இராமல் கேட்டேன். அவர் நாற்காலியைப் போட்டு உட்கார வைத்துச் சொன்னார். ரோமாபுரி ராஜ்யம் மேற்கே சரிந்துபோன பிறகும், கிழக்கே ஆயிரம் வருஷம் கிரேக்கம் பேசிக்கொண்டு ஒரு ராஜ்யம் இருந்ததாம். பைசாண்டியம் என்று பெயர். அந்த ராஜ்யத்தின் கதையை மடங்களில் இருந்த சந்நியாசிகள் எழுதி வைத்தார்கள். ராஜாக்களே சிலர் எழுதினார்கள். அவற்றை அச்சடித்த புத்தகங்கள் ஒரு அலமாரி. அந்தக் காலத்துக் கிரேக்கம் சாதாரண அகராதியில் இருக்காது என்பதால் அதற்கென்று தனி அகராதி. காசுகளைப் பற்றி ஒன்று, முத்திரைகளைப் பற்றி ஒன்று, படங்களுக்கு ஒன்று. இத்தனையும் எதற்கு என்றால், மிளகுக்கு.

நான் சிரித்துவிட்டேன். அவர் சிரிக்கவில்லை. நமக்குப் பின்னால் நிற்கிற இந்த மலையின் மிளகு அந்த ராஜாக்களின் அடுக்களையில் இருந்திருக்கிறது, யார் கொண்டுபோனான், எந்த வழியாகப் போனான், அங்கே நம்மைப் பற்றி என்ன சொல்லி விற்றான் என்பதை அவர்கள் எழுத்திலிருந்தே எடுத்துத் தமிழில் ஒரு புத்தகம் எழுதுகிறேன் என்றார். முப்பது வருஷமாக எழுதுகிறாராம். சாவதற்குள் முடிக்க வேண்டும் என்பது ஒன்றுதான் அவர் ஆண்டவரிடம் கேட்டுக்கொண்டது.

ஒரு புத்தகத்தைத் திறந்து படம் காட்டினார். தலைக்குப் பின்னால் தங்க வட்டம் போட்ட ஒருவர் நின்றுகொண்டிருந்தார். நான் உடனே துண்டை இடுப்பில் கட்டிக் கும்பிட்டேன். "அது சாமி இல்ல, ராஜா. அவங்க ராஜாவுக்கும் வட்டம் போடுவாங்க" என்றார். எடுத்த கும்பிடை எடுத்ததாகவே வைத்துக்கொண்டேன். (கும்பிட்ட பிறகு ஆள் மாறிவிட்டது என்று திருப்பி வாங்க முடியாதல்லவா?)

வண்டியில் ஏற்றும்போது ஐயா கூடவே வந்து நின்றார். "ஓய், ஒரு தாள் காணாமப் போனாலும் எனக்கு வேற கதி கெடையாது. மெட்ராசுலகூட இதுல பாதி இல்ல. பாத்துக்கிடும்" என்றார். குற்றாலநாதர் மேல் ஆணையாக ஒரு தாள் குறையாது என்று சொன்னேன். அந்த வாக்கை நான் காப்பாற்றினேன் என்பதை இங்கே சொல்லிவைக்கிறேன். ஒரு தாள் குறையவில்லை.

எனக்கு அது வெறும் வேலையாகப் படவில்லை. ஊரில் எத்தனையோ பேர் இருக்க, ஆயிரம் வருஷத்துச் சந்நியாசிகளின் எழுத்து என் கைக்கு வந்திருக்கிறதென்றால் அது ஒரு கைங்கரியம்தான். தினமும் சிற்றாற்றில் முழுகிவிட்டு, திருநீறு பூசி, விளக்கேற்றிய பிறகே அந்தப் புத்தகங்களைத் தொட்டேன். தோலைக் காய்ச்சி எடுக்கிற வச்சிரப் பசையை அந்தப் புத்தகங்களுக்குப் போட மனம் வரவில்லை. மைதா மாவைக் காய்ச்சி, பூச்சி வராமல் இருக்கத் துத்தம் கலந்து, சுத்த சைவப் பசையில் ஒட்டினேன்.

தைக்கும்போதுதான் கவனித்தேன். ஏறக்குறைய எல்லாப் பக்கத்திலும், அச்சுக்கு வெளியே விட்டிருந்த அகலமான ஓரத்தில், பென்சிலால் எறும்பு ஊர்ந்தது மாதிரி கிறுக்கியிருந்தது. மேலே, கீழே, பக்கவாட்டில், சில இடங்களில் தலைகீழாகக்கூட. எனக்கு வயிறு எரிந்தது. எவ்வளவு பெரிய புத்தகம், யார் வீட்டு வாண்டோ பாழாக்கியிருக்கிறதே என்று என் மனைவி கோமுவிடம் காட்டி வருத்தப்பட்டேன். அவள் ஈர்க்குச்சியால் பசையைக் கலக்கிக்கொண்டே கேட்டாள்:

"ஐயாவுக்குத்தான் பிள்ளையே இல்லைன்னு சொன்னியளே?"

"வாங்கின இடத்துல இருந்திருக்கும்."

"எல்லாப் புஸ்தகத்தையும் ஒரே பிள்ளைகிட்டயா வாங்கினாரு?"

அது எவ்வளவு பெரிய கேள்வி என்பது எனக்கு அன்று தெரியவில்லை. எனக்குத் தெரிந்ததெல்லாம், பள்ளிக்கூடப் புத்தகங்களில் பிள்ளைகள் ஓரத்தில் மீசை வரைந்து வைத்தால் வாத்தியார்மார் 'ஆழமா வெட்டிரும்' என்பார்கள், நான் வெட்டிவிடுவேன், புத்தகம் புதுசாகிவிடும். அதைத்தான் செய்தேன். கிறுக்கல் எங்கே முடிகிறதோ அங்கே அளவை வைத்து, சக்கரத்தைச் சுற்றினேன். ஒரு கிறுக்கல் தப்பவில்லை. ஒரு அச்செழுத்தில் கத்தி படவில்லை. இன்றுவரை என் வாழ்க்கையில் அவ்வளவு சுத்தமாக ஒரு வேலை செய்ததில்லை.

வெட்டின துண்டுகள் ஒரு சாக்கு நிறைய வந்தன. வேறு கடைக்காரனாக இருந்தால் அடுப்புக்குக் கொடுத்திருப்பான், இல்லை மூலையில் போட்டிருப்பான். எழுத்து உள்ள காகிதம் சரஸ்வதி. காலில் படக் கூடாது, நெருப்பில் போடக் கூடாது என்பது எங்கள் வீட்டு வழக்கம். ஓடுகிற தண்ணீரில்தான் விட வேண்டும். ஆனி பிறந்து சாரல் தொடங்கி, சிற்றாற்றில் தண்ணீர் நன்றாக வந்துகொண்டிருந்தது. ஒரு வெள்ளிக்கிழமை காலை குளித்துவிட்டு, சாக்கைத் தலையில் வைத்துக்கொண்டு படித்துறைக்குப் போனேன். மஞ்சளும் அரளிப் பூவும் தூவி, சூடம் காட்டி, கைப்பிடி கைப்பிடியாக எடுத்து ஆற்றில் விட்டேன். துணி துவைத்துக்கொண்டிருந்த பெண்களில் ஒருத்தி, "என்ன அண்ணாச்சி, கல்யாணமா கருமாதியா?" என்று கேட்டாள். "சரஸ்வதிம்மா" என்றேன். அவளும் ஈரக்கையைச் சேலையில் துடைத்துவிட்டுக் கும்பிட்டாள். வெள்ளை வெள்ளையாகக் காகிதம் பூவோடு சேர்ந்து போவதைப் பார்க்க எனக்குக் கண் கலங்கியது.

மத்தியானம் புத்தகங்களை வண்டியில் ஏற்றிக் குற்றாலம் கொண்டுபோனேன். நீலக் காலிகோ துணி, முதுகில் கெட்டிக் கித்தான், நாலு மூலையிலும் மஞ்சள். முதல் தாளில் பிள்ளையார் சுழி. ஐயா மஞ்சளைப் பார்த்துவிட்டு, "எங்க ராஜாமாருக்கெல்லாம் இன்னைக்குத்தான் கல்யாணம் ஆயிருக்கு" என்று சிரித்தார். அகராதியை எடுத்து மடியில் வைத்துக்கொண்டார். நான் ஓரத்தைத் தடவிப் பார்க்கச் சொன்னேன். தடவிப் பார்த்தார்.

பிறகு திறந்தார். இன்னொரு பக்கத்தைத் திறந்தார். அதை வைத்துவிட்டு வேறொரு புத்தகத்தை எடுத்தார்.

"ஓரத்துல எழுதியிருந்துதே" என்றார்.

"சுத்தமா எடுத்துட்டேன் ஐயா."

"எல்லாத்துலயுமா?"

"ஒண்ணு விடல."

அவர் புத்தகத்தை மூடி வைத்தார். வெளியே சாரல் ஓட்டில் விழுந்துகொண்டிருந்தது. பிறகு மெதுவாக, ஒரு நோயாளியிடம் கேட்பது மாதிரி, வெட்டின துண்டெல்லாம் கடையில் தரையில் கிடக்குமா, குப்பையில் போட்டிருந்தாலும் பரவாயில்லை என்று கேட்டார்.

எனக்குக் கோபம் வந்துவிட்டது. (அதை நினைத்தால்தான் இன்றைக்கும் தூக்கம் போகும். எனக்குக் கோபம் வந்தது!) "சரஸ்வதியைக் குப்பையில போடுவேனா ஐயா? காலம்பறதான் மஞ்சளும் பூவும் வச்சு, சூடம் காட்டி, ஆத்துல விட்டுட்டு வாரேன்" என்றேன்.

ஐயா மூக்குக்கண்ணாடியைக் கழற்றி மடியில் வைத்துக்கொண்டார்.

அதன்பிறகு அவர் சொன்னதிலிருந்துதான் நான் என்ன செய்திருக்கிறேன் என்பது எனக்கு விளங்கியது. அந்த ராஜ்யத்தைப் பற்றி உலகத்தில் எவ்வளவோ புத்தகங்கள் இருக்கின்றன. வாங்க அவருக்கு வசதி இல்லை. ஆகவே மெட்ராஸ், கல்கத்தா, கொழும்பு என்று எங்கே பெரிய லைப்ரரி இருக்கிறதோ, லீவு விட்டதும் அங்கே போய்விடுவார். கையில் தன் புத்தகம் ஒன்று இருக்கும். அங்கே கிடைத்த விஷயத்தை, எந்தப் பக்கத்துக்குப் பொருந்துமோ அந்தப் பக்கத்தின் ஓரத்தில் பொடி எழுத்தில், பெரும்பாலும் அந்தக் கிரேக்கத்திலேயே, எழுதிக்கொண்டு வருவார். வாங்க முடியாத புத்தகங்களையெல்லாம் வாங்கிய புத்தகங்களின் ஓரத்தில் குடிவைத்திருந்தார். மிளகு முழுவதும் அங்கேதான் இருந்தது.

"அச்சுல உள்ளது என்கிட்ட இல்லாட்டியும் உலகத்துல வேற எங்கயாவது இருக்கும், ஓய்" என்றார். "ஓரத்துல இருந்தது இங்கன மட்டுந்தான் இருந்துது."

என்னைத் திட்டவில்லை. ஒரு வார்த்தை திட்டியிருந்தால் அதைப் பிடித்துக்கொண்டாவது நின்றிருப்பேன். குடையை எடுத்துக்கொண்டு, "வாரும், போய்ப் பாப்போம்" என்றார்.

வந்த வண்டியிலேயே திரும்பித் தென்காசி வந்து, படித்துறையிலிருந்து ஆற்றோரமாகக் கீழ்நோக்கி நடந்தோம். முன்னால் அவர், பின்னால் சாக்கோடு நான். காலையில் துணி துவைத்தவர்களில் இரண்டு பேர் இன்னும் அங்கே இருந்தார்கள். காலையில் சூடம் காட்டி அனுப்பி வைத்ததை மத்தியானம் தேடிக்கொண்டு போகிறவனை அவர்கள் என்ன நினைத்தார்களோ. நாணல் புதரில் கூழாகிப்போன காகிதம் கொஞ்சம் கிடைத்தது. தொட்டதும் கரைந்தது. அரளிப் பூ நிறையக் கிடைத்தது. பூவை எல்லாம் ஆறு பத்திரமாக ஓரத்தில் சேர்த்து வைத்திருந்தது.

அணைக்கட்டுக்குப் பக்கத்தில் எருமைகள் தண்ணீரில் கிடந்தன. ஒரு எருமை அப்போதுதான் எழுந்து கரையேறியது. அதன் விலாவில் வெள்ளையாக ஒன்று ஒட்டிக்கொண்டிருந்தது. ஐயா நின்றுவிட்டார். நான் எருமையை நெருங்கினேன். அது நகர்ந்தது. நான் இன்னும் நெருங்கினேன். அது நிதானமாக என்னைச் சேற்றில் தள்ளிவிட்டு மறுபடி நின்றுகொண்டது. மேய்க்கிற பெண் மரத்தடியிலிருந்தே கேட்டாள்:

"என் எருமைகிட்ட என்னத்தத் தேடுதிய?"

"அது மேல ஒரு காயிதம் இருக்கு தாயி. கொஞ்சம் பிடிச்சுக்கோ."

"பத்திரமா? எருமை எழுதித் தராதே."

அவள் வந்து கொம்பைப் பிடித்துக்கொண்டாள். நகத்தால் சுரண்டாமல், நீளவாக்கில் மெதுவாக உரித்து எடுத்தேன். விரல் அகலத் துண்டு. பென்சில் எழுத்து தண்ணீருக்கு அழியவில்லை. இரண்டோ மூன்றோ சொற்கள், கிரேக்கத்தில். ஐயா பையிலிருந்து பூதக்கண்ணாடியை எடுத்து, குடைக்குள் வைத்துப் படித்தார். நான் சேற்றோடு கைகட்டி நின்றேன். எருமைக்காரியும் நின்றாள். முருகா, முக்கியமானதாக இருக்க வேண்டும் என்று வேண்டிக்கொண்டேன்.

"என்ன ஐயா போட்டிருக்கு?"

"'இதைச் சரிபார்க்க வேண்டும்'னு போட்டிருக்கு."

"எதை ஐயா?"

"அது ஆத்தோட போயிட்டு."

கரையில் ஒரு கல்லில் உட்கார்ந்தார். குடைக்குள் அவர் தோள் குலுங்கியது. சிரித்தாரா அழுதாரா என்று எனக்கு அப்போதும் தெரியவில்லை, பிறகு கேட்கவும் துணியவில்லை.

வீட்டுக்கு வந்து படுத்த நான் எழுந்திருக்கவில்லை. கோமு கஞ்சியைப் பக்கத்தில் வைத்துவிட்டு, "நீங்க கொஞ்சம் சோம்பேறியா இருந்திருந்தா அந்த மனுசன் பிழைச்சிருப்பாரு" என்றாள். உண்மை. கோயிலுக்குப் போய் நின்றேன். பக்தியில் செய்ததற்கு யாரிடம் போய் மன்னிப்புக் கேட்பது? மன்னிப்புக் கேட்க வேண்டிய இடம் குற்றாலத்தில் ஓட்டு வீட்டில் இருந்தது. அங்கே வெறும் கையோடு போக முடியாது.

ஒரு வாரம் கழித்துப் போனேன். அகராதியை மட்டும் வாங்கி வந்து, அட்டையில் ஈரத்துணியைப் போட்டேன். வச்சிரமாக இருந்தால் மல்லுக்கட்டியிருக்கும். மாவுப் பசை ஆனதால் சொன்னபடி விட்டுக்கொடுத்தது. தையலைப் பிரித்து, ஒவ்வொரு தாளுக்கும் நடுவில் ஒரு வெள்ளைத் தாளை வைத்து மறுபடி தைத்தேன். மிஷின் பக்கமே போகவில்லை. புத்தகம் பிள்ளைத்தாய்ச்சி மாதிரி வயிறு வைத்துக்கொண்டு, மூடினாலும் மூடாமல் நின்றது. அதைத் தூக்கிக்கொண்டு போய் அவர் முன்னால் வைத்தேன்.

நெடுநேரம் புரட்டிப் பார்த்தார். "நடுவுல இவ்வளவு இடம் விட்டிருக்கீரே" என்றார்.

"ஓரத்தைத் திருப்பி ஒட்டித்தர முடியாதுல்லா ஐயா. அதான்."

அவர் பென்சிலை எடுத்துச் சீவினார். நான் சொல்லிக்கொள்ளாமல் வந்துவிட்டேன்.

எல்லாப் புத்தகங்களையும் அப்படியே பிரித்துக் கட்டிக்கொடுத்தேன். நினைவில் இருந்ததையெல்லாம் ஐயா எழுதினார். தினமும் சாயங்காலம் அருவியில் போய்த் தலையைக் காட்டிவிட்டு வந்து எழுதுவார். "நீரு கீழ தென்காசியில கொண்டு விட்டதுதான் தப்பு. இங்கன அருவிக்கு மேல விட்டிருந்தா குளிக்கும்போதே பிடிச்சிருப்பேன்" என்பார். பாதிதான் திரும்பி வந்தது. வராத இடங்களில் தண்ணீர் ஓடுகிற மாதிரி ஒரு சின்னக் கோடு போட்டு வைத்தார். எவ்வளவோ கோடுகள் இருந்தன. அவர் நினைத்த பெரிய புத்தகம் வரவில்லை. அறுபதுகளின் நடுவில் மிளகைப் பற்றி ஒல்லியாக ஒன்று வந்தது. நான்தான் பைண்டிங். அச்சகத்தார் ஓரம் வெட்டச் சொன்னார்கள், நான் முடியாது என்றேன். ஊரிலேயே ஓரம் வெட்டாத புத்தகம் அது ஒன்றுதான், கோழி கிளறினது மாதிரி இருக்கும். ஐயா ஓரத்தைத் தடவிப் பார்த்துவிட்டு, "நல்லா இருக்கு, எழுதிக்கிடலாம்" என்றார். அடுத்த சாரலுக்கு அவர் இல்லை.

எங்கள் வீட்டில் மட்டும் அந்த எருமை சாகவில்லை. மூத்த மகளுக்கு சிவகிரியில் மாப்பிள்ளை பார்த்துவிட்டு வந்து, குலம், குணம், ஜாதகம் எல்லாம் திருப்தி என்று நான் சொன்னபோது, கோமு வெற்றிலையை மடித்துக்கொண்டே, "எருமைகிட்டக் கேட்டியளா?" என்றாள். இப்போது பேரன் பேத்திகளும் அதையேதான் கேட்கிறார்கள். பரீட்சை எழுதிவிட்டு வருகிற பிள்ளையிடம், வீடு வாங்கப் போகிற மகனிடம், உப்புப் போட்டாயிற்று என்கிற மருமகளிடம், யார் எதை முடித்துவிட்டேன், இனிச் சரிபார்க்க ஒன்றுமில்லை என்று நிமிர்ந்தாலும், எருமைகிட்டக் கேட்டாச்சா?

எருமை மேலிருந்து உரித்த அந்தக் காகிதத் துண்டை ஐயா அன்றைக்கே ஆற்றங்கரையில் என்னிடம் கொடுத்துவிட்டார். "நீரே வச்சுக்கிடும். இனி இது என்னைவிட உமக்குத்தான் வேணும்" என்றார். கண்ணாடி போட்டுப் பூசையறையில் முருகனுக்கும் குற்றாலநாதருக்கும் நடுவில் மாட்டியிருக்கிறேன். வெள்ளிக்கிழமை படங்களுக்குப் பொட்டு வைக்கிறபோது மருமகள் அதற்கும் ஒரு பொட்டு வைத்துவிடுகிறாள். வீட்டுக்கு வருகிறவர்கள் ஏதோ தெரியாத பாஷையில் மந்திரம் என்று நினைத்துக் கும்பிட்டுவிட்டுப் போகிறார்கள். நான் யாரையும் திருத்துவதில்லை. நானும் தினம் அதைத்தான் கும்பிடுகிறேன்.